துடக்கு நாட்களில் ஓடியவர்

என் கணவருக்கு நெஞ்சு நொந்த அன்று நான் கொடுத்த முதல் மருந்து, உள்ளிப்பூண்டும் இஞ்சியும் தட்டிப்போட்டு அவித்த தண்ணீர். இரண்டாவது, ஓமம். மூன்றாவதாக முதுகைத் தடவிவிட்டேன். ஏப்பம் வந்தால் சரியாகிவிடும் என்று அவரும் நம்பினார், நானும் நம்பினேன். ஏப்பமும் வந்தது. அதனால் இன்னும் தைரியமாக இருந்துவிட்டோம்.

அது எழுபதுகளில் ஒரு ஏப்ரல் மாதத்து ஞாயிற்றுக்கிழமை. கோழிக்கறியோடு நன்றாகச் சாப்பிட்டுவிட்டு எழுந்தவர், கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நெஞ்சுக்கு நடுவிலை ஆரோ ஏறி இருக்கிற மாதிரிக் கிடக்கு."

"கூடச் சாப்பிட்டிட்டியள். வாய்வு."

"ஓம், வாய்வாத்தான் இருக்கும்."

முகம் வியர்த்திருந்தது. வெளியே நல்ல குளிர். இந்தக் குளிரில் ஒருவருக்கு ஏன் வியர்க்கிறது என்று நான் யோசிக்கவில்லை. இடது தோள் உளைகிறது என்றார். சரிந்து படுத்திருப்பீர்கள் என்றேன். எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரு பதில் இருந்தது. மறுநாள் காலை சப்பாத்துக் கட்டக் குனிந்தவர் அப்படியே பக்கவாட்டில் சரிந்தபோதுதான் என் பதில்கள் தீர்ந்தன.

மருத்துவமனையில் இ.சி.ஜி. (இதயத்தில் ஓடும் மின்சாரத்தைத் தாளில் கோடாக வரைந்து பார்க்கும் சோதனை) எடுத்தார்கள். மாரடைப்பு என்றார்கள். இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபட்டு, அந்த இடத்துத் தசை செத்துப்போவதுதான் மாரடைப்பு. வலி எப்போது தொடங்கியது என்று கேட்டார்கள். நேற்று மத்தியானம் என்றேன். எழுதிக்கொண்டிருந்த தாதி நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டு மறுபடியும் எழுதினாள். வாய் திறந்து ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

உங்கள் வீட்டில் ஒருவர் நெஞ்சில் கைவைத்து, வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தால், தயவுசெய்து உள்ளியைத் தேடிக் குசினிக்குள் போகாதீர்கள். உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். வாய்வாகவே இருந்தாலும் பரவாயில்லை, நாலு பேர் சிரிப்பார்கள், அவ்வளவுதான். இந்தக் கட்டுரையில் நான் உறுதியாகச் சொல்லக்கூடிய புத்தி இது ஒன்றுதான். மீதி எல்லாம் நான் செய்தவை. அவற்றைச் செய்யச் சொல்லவும் மாட்டேன், செய்யாதே என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

இப்போது இருப்பதுபோல நாங்கள் அப்போது சிட்னியில் இருக்கவில்லை. சிட்னியிலிருந்து நாள் முழுக்கக் கார் ஓட்டினால் வரும் மலையுச்சியில், ஒரு சிறிய ஊரில் இருந்தோம். மலைக்கு அடியில் குடைந்து கட்டிய நீர்மின் நிலையத்தில் என் கணவர் கணேசலிங்கம் பொறியியலாளர். வேலைக்குக் கொடுத்த வீடு. எங்களுக்கு ஒரே மகள் வதனி, அப்போது பத்து வயது. அந்த ஊரில் இத்தாலியர், போலந்துக்காரர், யூகோஸ்லாவியர் எல்லோரும் இருந்தார்கள். தமிழர் என்றால் நாங்கள் மூன்று பேர்தான். ஆஸ்திரேலியாவில் பனி விழும் என்பதையே யாழ்ப்பாணத்தில் ஒருவரும் நம்பவில்லை. அங்கே யூன் முதல் செப்டெம்பர் வரை கதவைத் திறந்தால் வெள்ளைதான்.

இரண்டு நாளில் அவரைச் சிட்னிப் பெரிய மருத்துவமனைக்கு மாற்றினார்கள். மூன்று கிழமை படுக்கை. இதயத்தில் செத்த தசை தழும்பாக இறுகும்வரை அசையக்கூடாது என்றார்கள். முதல் பத்து நாள் சவரம்கூடத் தாதிதான் செய்துவிட்டாள். வயது நாற்பத்து மூன்று. தலைமாட்டில் நின்று பார்க்கும்போது அவருடைய நாற்பத்து மூன்று எனக்கு எழுபதாகத் தெரியும்.

அங்கேயிருந்த இருதய மருத்துவர் மெலிந்த, நீளமான மனிதர். மாரடைப்பு வந்தவர்களைக் கதிரையில் வைத்துப் பூட்டக்கூடாது, நடக்கவிட வேண்டும், பிறகு மெல்ல ஓடவிட வேண்டும் என்ற புதுக் கொள்கைக்காரர். எங்கள் மலையடிவாரத்து மருத்துவர் இதைக் கேட்டுத் தலையில் கைவைத்தார். ஆறு மாதம் வீட்டோடு இருக்கச் சொன்னார். நான் அடிவாரத்து மருத்துவரின் கட்சி. என் கணவர் சிட்னி மருத்துவரின் கட்சி.

சிட்னி மருத்துவர் போட்ட விதிகள் இவை: குளிர்காற்று நேரே உள்ளே போனால் இரத்தக் குழாய் சுருங்கும், ஆகவே வாயையும் மூக்கையும் கம்பளியால் மூடிக் கட்ட வேண்டும். காற்றடிக்கும் நாளில் வெளியே போகக்கூடாது. சாப்பிட்ட கையோடு ஓடக்கூடாது. நாக்கின் கீழ் வைக்கும் குளிசை (குழாயை விரித்து வலியைக் குறைக்கும் மாத்திரை) எப்போதும் சட்டைப்பையில் இருக்க வேண்டும். தனியாகப் போகக்கூடாது.

"ஓடும்போது பேசிக்கொண்டே ஓடுங்கள்," என்றார் கடைசியாக. "பேச முடிந்தால் உங்கள் வேகம் சரி. பேச முடியாவிட்டால் நில்லுங்கள். இதைவிட நல்ல கருவி என்னிடம் இல்லை."

பக்கத்தில் ஓடிப் பேச்சுக் கொடுக்கும் உத்தியோகம் எனக்குக் கிடைத்தது. கல்யாணத்துக்குப் பிறகு நான் பஸ்ஸுக்குக்கூட ஓடியது கிடையாது. அவருடைய பழைய காற்சட்டையைப் போட்டு, அதற்கு மேல் சேலையை முழங்காலளவுக்குத் தூக்கிச் செருகி, தலையில் கம்பளித் தொப்பியோடு வாசலில் வந்து நின்றேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் நெஞ்சு நொந்துவிடுமோ என்று பயந்தேன். ஒரு கிழமையில் சேலையை விட்டுவிட்டேன்.

எங்கள் வீட்டு வாசலிலிருந்து மலை வளைவு வரை தெரு சமமாகப் போகும். விடிந்ததும் பனி தள்ளும் வண்டி வந்து அந்தத் தெருவை வழித்துவிட்டுப் போகும். வழித்த பனி இரண்டு பக்கமும் இடுப்பளவு மதிலாக நிற்கும். பனிக்குள் தெரு எங்கே இருக்கிறது என்று வண்டிக்காரனுக்குக் காட்டுவதற்காக, ஓரத்தில் சிவப்புக் கம்பங்கள் நட்டிருந்தார்கள். வளைவு வரை நாற்பது கம்பம். அவைதான் எங்கள் கணக்கு. முதல் நாள் இரண்டு கம்பம் நடந்து திரும்பினோம். இரண்டு கிழமைக்குப் பிறகு, ஒரு கம்பம் ஓட்டம், இரண்டு கம்பம் நடை. நின்ற இடத்தில் கையுறையைக் கழற்றி அவர் மணிக்கட்டைப் பிடித்து நாடியை எண்ணுவேன். விரல்கள் விறைத்து, துடிப்பது அவர் நாடியா என் நாடியா என்று தெரியாது.

பனியில் சத்தம் இல்லை. காலடியில் நொறுங்கும் சத்தமும் எங்கள் மூச்சும் மட்டும். பேச வேண்டும் என்பது மருத்துவர் கட்டளை. அவர் பேசியதெல்லாம் தன் அம்மாவைப் பற்றித்தான்.

மாமி யாழ்ப்பாணத்தில், இவருடைய தம்பி சிவநேசனோடு இருந்தா. யூன் மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுக்கையாகிவிட்டா. அந்தச் செய்தியோடு கடிதம் வந்த அன்றே இவர் பயணம் போக வேண்டும் என்று நின்றார். சிட்னி மருத்துவர் மறுத்துவிட்டார். செப்டெம்பரில் ஒரு பரிசோதனை வைப்பதாகச் சொன்னார். நிலையாக நிற்கும் சைக்கிளை மிதிக்கவிட்டு, மிதிக்கும்போதே இதயத்தின் கோட்டை வரைந்து பார்ப்பது. அதில் தேறினால் விமானம் ஏறலாம்.

"அந்தச் சைக்கிளை மிதிச்சுக் காட்டினால் சரி. ஒக்டோபரிலை அம்மாவுக்குப் பக்கத்திலை நிப்பன்," என்பார் இவர். மூத்த மகன். தன் நெஞ்சு நோயைப் பற்றி அம்மாவுக்கு ஒரு சொல்லும் எழுதவில்லை. அம்மா தாங்கமாட்டா என்பார். வேலைப்பளு, அதனால்தான் உடனே வரமுடியவில்லை என்று எழுதினார்.

நான் மட்டும் சிவநேசனுக்குத் தனியாக எழுதினேன். அண்ணைக்கு மாரடைப்பு வந்தது, அதிர்ச்சியான செய்தி எதுவும் அவர் பெயருக்கு எழுதவேண்டாம், எது என்றாலும் என் பெயருக்கு எழுதுங்கள் என்று. கெட்ட செய்தியை நோயாளியிடமிருந்து மறைப்பதும் மருத்துவத்தில் ஒரு பகுதி என்றுதான் எங்கள் வீடுகளில் நாங்கள் வளர்ந்தோம்.

யூலை நடுப்பகுதியில் ஒரு காலை, தபாற்கந்தோர்ப் பெண் முழங்கால்வரைப் பனியில் நடந்து வந்து கதவைத் தட்டினாள். தந்தி. என் பெயருக்கு. அம்மா இறந்துவிட்டா, இன்று தகனம் என்று ஆங்கிலத்தில் நாலைந்து சொற்கள். இவர் குளித்துக்கொண்டிருந்தார். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. வந்தவள் என் கையைப் பிடித்து, ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டாள். சத்தம் போடாதே என்று சைகை காட்டினேன். அவள் போனதும் தந்தியை மடித்து அரிசி வாளிக்குள் ஆழமாகப் புதைத்தேன்.

அப்போது என் மனதில் இருந்தது ஒரே ஒரு கணக்குத்தான். ஏப்ரலில் ஒரு தரம் பிழையாக முடிவெடுத்து அவருடைய இதயத்தில் ஒரு பகுதியைச் சாகக் கொடுத்தேன். மிச்சத்தையும் என் வாயால் கொல்லக்கூடாது.

குளித்து வந்தவர் சப்பாத்தைப் போட்டுக்கொண்டார். "வாறீரோ? இண்டைக்கு ஆறு கம்பம் ஒரே மூச்சிலை," என்றார். போனேன். யாழ்ப்பாணத்தில் அவருடைய தம்பி கொள்ளிக்குடம் தூக்கும் நாளில் நாங்கள் பனியில் ஓடினோம்.

"அம்மாவுக்கு ஒரு நல்ல கம்பளிப் போர்வை கொண்டு போவம் என்ன?"

"ஓம்."

"பாரமில்லாத போர்வையாப் பாக்க வேணும். இடுப்பிலை பாரம் இருக்கக்கூடாது."

"ஓம்."

நாலாவது கம்பத்தில் அவர் நின்றார். "உமக்கு மூச்சு வாங்குது. கதைக்கவே ஏலாமல் கிடக்கு உமக்கு. நிண்டு போவம்." என் நெற்றியைக் கையுறையால் துடைத்துவிட்டார். அவருக்கு நான் செய்ய வேண்டியதை அவர் எனக்குச் செய்தார். அந்த நிமிடத்தில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்து, அவர் தூங்கும் நேரம் பார்த்துச் சிட்னி மருத்துவருக்குத் தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னேன். சொல்வதால் இதயம் நின்றுவிடாது என்று உத்தரவாதம் தரமுடியுமா என்று கேட்டேன்.

"உத்தரவாதம் எதற்கும் தரமுடியாது," என்றார். "ஆனால் நான் சொல்லிவிடுவேன். அவருடைய இதயம் நீங்கள் நினைப்பதைவிடப் பலமாக இருக்கிறது. அது அவருடைய தாய். உங்களுடைய பயத்துக்குத்தான் என்னிடம் மருந்து இல்லை."

அவர் சொன்னது சரி என்று எனக்கு அப்போதே தெரியும். ஆனாலும் சைக்கிள் பரிசோதனை முடியட்டும் என்று தள்ளிப்போட்டேன். சிவநேசனும் அதையே எழுதினான்.

எங்களில் ஒரு சாவு நடந்தால் முப்பத்தொரு நாள் துடக்கு, அதாவது தீட்டு. வீட்டில் மச்சம் மாமிசம் கிடையாது. சுவாமி விளக்குக் கொளுத்துவதில்லை. மகன் சவரம் செய்வதில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி செய்து, இறந்தவருக்குப் பிடித்ததைப் படைத்து, பிறகுதான் வீடு வழமைக்குத் திரும்பும். மூத்த மகன் இதை ஒன்றும் செய்யாமல், கோழிக்கறி சாப்பிட்டுக்கொண்டு, முகம் மழித்துக்கொண்டு திரிந்தான் என்றால் நாளைக்கு அவர் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்? உண்மை தெரிய வரும் நாளில் அவருக்கு அந்தக் குறையாவது இருக்கக்கூடாது என்று நினைத்தேன். ஆகவே அவருக்கே தெரியாமல் அவரைத் துடக்குக் காக்கவைத்தேன்.

கோழியையும் மீனையும் நிறுத்தினேன். டொக்டர் ரெலிபோனில் சொன்னவர், கொழுப்புக் கூடாதாம் என்றேன். அவர் சொன்னபடி பருப்பும் முட்டைக்கோவாவும் சாப்பிட்டார். வதனிதான் துள்ளினாள். "அகெய்ன் லென்டில்ஸா அம்மா? எனக்கென்ன ஹார்ட் அட்டாக்கா?" என்று கேட்டாள். அவளுக்கும் நான் சொல்லவில்லை.

சவரம் செய்யப் போனவரைத் தடுத்தேன். "தாடி கிடந்தால் முகத்துக்குச் சூடுதானே. குளிர் நேரடியாப் படக்கூடாது எண்டவர்." நல்ல யோசனை என்றார். ஓடித் திரும்பும்போது அந்தத் தாடியில் மூச்சு உறைந்து வெள்ளை வெள்ளையாக ஒட்டியிருக்கும். கண்ணாடியில் பார்த்துச் சிரிப்பார்.

விளக்குத்தான் கஷ்டப்படுத்தியது.

"ஏன் சுவாமிக்கு விளக்குக் கொளுத்தேல்லை?"

"திரி முடிஞ்சுபோச்சு."

"என்ரை பழைய வேட்டியைக் கிழியும். நான் திரிச்சுத் தாறன்."

"பிறகு பாப்பம். இப்ப கை ஈரம்."

மறுநாளே பத்துத் திரி திரித்து ஒரு கிண்ணத்தில் வைத்திருந்தார். அம்மாவுக்கு நடக்க வேணுமெண்டு நீர் கொளுத்தும் என்றார். கிண்ணத்தை வாங்கி அலுமாரிக்குள் வைத்துவிட்டுக் குளியலறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டேன். அந்த முப்பத்தொரு நாளில் நான் அழுதது அங்கே மட்டும்தான்.

இதற்கிடையில் சிவநேசனின் கடிதங்கள் இவர் பெயருக்கு வந்தன. "அம்மா இப்ப வலி இல்லாமல் இருக்கிறா" என்று எழுதியிருந்தான். பொய் எழுதக் கை கூசியிருக்க வேண்டும். இவர் அந்த வரியை எனக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினார். அன்று பதினைந்து கம்பம் ஓடினார். அடுத்த கிழமை இருபத்திரண்டு. குளிசைக்கு வேலையே வரவில்லை. உடம்பில் சதை இறுகி, கன்னத்தில் நிறம் வந்தது. அவர் தேறத் தேற எனக்குப் பசி போனது, தூக்கம் போனது. தேறும் ஒருவரைப் பார்த்து ஒரு மனைவி இப்படிக் கலங்கியதை நான் எங்கும் கேள்விப்பட்டதில்லை.

முப்பத்தோராம் நாள் விடிந்தபோது காற்றே இல்லை. புதுப்பனி விழுந்து ஊர் வெளுத்துக் கிடந்தது. நான் வெள்ளாப்பிலேயே எழுந்து சமைத்தேன். மாமிக்கு உளுந்து வடை பிடிக்கும், சவ்வரிசிப் பாயாசம் பிடிக்கும். உறைநிலைப் பெட்டியில் இருந்த போஞ்சிக்காயை வறுத்தேன். வாழையிலை ஏது? வெள்ளைத் தட்டில் படைத்தேன். காகத்துக்கு வைக்கக் காகம் இல்லை. அந்த ஊரில் மஞ்சள் கண்ணோடு ஒருவகைக் கறுப்புப் பறவை இருந்தது. பின் வாசல் பனியில் ஒரு பிடி சோறு வைத்தேன். இரண்டு வந்து உண்டன. எனக்கு அதுவே போதும் என்றிருந்தது.

அன்று அவர் நாற்பது கம்பமும் நிற்காமல் ஓடினார். வளைவில் நின்று கைகளைத் தூக்கிக் கீழே பள்ளத்தாக்கைப் பார்த்துக் கூவினார். எதிரொலி வந்தது. "கேட்டீரோ? அம்மாவுக்கே கேட்டிருக்கும்!" என்றார்.

வீட்டுக்கு வந்து பின் வாசலைப் பார்த்தவர், "ஏன் சோறு பனியிலை கிடக்கு?" என்றார்.

"பறவைக்கு வைச்சனான். குளிருக்குள்ளை பாவம்."

குளித்து, சவரம் செய்துகொண்டு வரச் சொன்னேன். தாடி போதும், பார்க்கச் சகிக்கவில்லை என்றேன். மழித்துவிட்டு வந்து உட்கார்ந்தவர் தட்டைப் பார்த்துக் கண்ணை விரித்தார். நாற்பது கம்பத்துக்காக நான் சமைத்த விருந்து என்று நினைத்துக்கொண்டார். பாயாசம் இரண்டாம் தரம் வாங்கிக் குடித்தார். "அம்மா வைக்கிற மாதிரியே இருக்கு," என்றார். நான் குசினிக்குள் போய் நின்றேன்.

செப்டெம்பரில் சிட்னிக்குப் போனோம். நெஞ்சில் வயர்களை ஒட்டிச் சைக்கிளில் ஏற்றினார்கள். மிதித்தார். கோடு நேர்த்தியாக ஓடியது. அவர் தேறிவிட்டார் என்று மருத்துவர் கைகொடுத்தார். விமானப் பயணத்துக்கான கடிதத்தில் ஒப்பமிட்டு அவரிடம் கொடுத்துவிட்டு, என்னை ஒரு பார்வை பார்த்தார். "நான் பக்கத்து அறையில்தான் இருப்பேன்," என்றார்.

மருத்துவமனை நடைபாதையில் மர வாங்கு ஒன்று இருந்தது. உட்காருங்கோ என்றேன். அவர் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"இஞ்சேருங்கோ. அம்மா இல்லை. அம்மா மோசம் போட்டா."

அவர் என்னைப் பார்க்கவில்லை. எதிர்ச் சுவரைப் பார்த்தார். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். பழக்கம். நாடி ஒழுங்காக அடித்தது. அவருடைய இதயத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. மருத்துவர் சொன்னதுபோல அது பலமாகத்தான் இருந்தது.

"எண்டைக்கு?" என்றார்.

சொன்னேன். விரல் விட்டு எண்ணினார். எண்ணி முடித்த இடத்தில் விரல் அப்படியே நின்றது.

"அப்ப அந்தப் பாயாசம்…"

"ஓம்."

"தாடி?"

"ஓம். எல்லாம் செய்வித்தனான். ஒண்டும் விடேல்லை. உங்களுக்கு ஒரு குறையும் வரக்கூடாது எண்டுதான்."

தன் மணிக்கட்டிலிருந்து என் கையை எடுத்து என் மடியில் வைத்தார். முரட்டுத்தனமாக இல்லை.

"எல்லாம் செய்வித்தனீர்," என்றார். "எனக்காக அழுதும் முடிச்சிட்டீரோ?"

என் வாழ்க்கையில் என்னை யாரும் அதைவிடச் சரியாகக் குற்றம் சாட்டியதில்லை. துக்கம் வந்து, முப்பத்தொரு நாள் அவர் வீட்டில் இருந்து, சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டது. அதை அவர் சந்திக்க நான் விடவில்லை. இப்போது அழவேண்டும் என்று அவருக்கு இருந்தது. அழுகை வரவில்லை. அந்த நாட்களில் தான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்றுதான் திரும்பத் திரும்ப நினைவு வந்தது என்று பிற்பாடு ஒரு தரம் சொன்னார்.

யாழ்ப்பாணம் போகவில்லை. இனி ஆரைப் பாக்கப் போறது என்று கடிதத்தை மேசை இழுப்பறையில் போட்டார். வேலைக்குத் திரும்பினார். சண்டை பிடிக்கவில்லை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவும் இல்லை. உப்பு வேணும், வதனிக்குக் காலுறை வேணும் என்று வீட்டில் எல்லாம் பேசினார். ஓட்டத்தையும் விடவில்லை. ஆனால் ஓடும்போது பேசுவதை நிறுத்திவிட்டார்.

இது என்ன பெரிய தண்டனை என்று உங்களுக்குத் தோன்றலாம். பேச்சுத்தான் எங்கள் கருவி. அது நின்றதும் அவர் நெஞ்சுக்குள் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாமல் போயிற்று. இரண்டடி பின்னால், அவருடைய மூச்சைக் கேட்டுக்கொண்டு ஓடினேன். கோடை வந்து புல் முளைத்தது. மறுபடியும் பனி வந்தது. ஒரு வருடம் அவருடைய முதுகைப் பார்த்தே ஓடினேன்.

அடுத்த யூலையில் மாமியின் ஆட்டைத்திவசம், முதலாம் வருட நினைவு நாள், வந்தது. இந்த முறை அவரே திதி பார்த்தார். அவரே அரிசி களைந்தார். அவர் முன்பு திரித்த திரிகளில் ஒன்றை எடுத்து விளக்குக் கொளுத்தினார். பிறகு சப்பாத்தைப் போட்டார். நானும் தொப்பியை எடுத்தேன்.

"இண்டைக்கு நான் தனியப் போறன்."

"தனிய விடக்கூடாது எண்டு டொக்டர் சொன்னவர்."

"போட்டு வாறன்," என்றார்.

குசினி யன்னலில் நின்று பார்த்தேன். நாற்பது கம்பம் போய்வர எவ்வளவு நேரம் என்று எனக்கு மனப்பாடம். அந்த நேரம் கடந்தது. இன்னும் அவ்வளவு நேரம் கடந்தது. அடுப்பை அணைத்தேன். கோட்டுப் போடவும் தோன்றவில்லை. குளிசைப் போத்தலை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கி ஓடினேன்.

பனியில் அவர் அடி தெளிவாகத் தெரிந்தது. ஓடுகிற அடி, அகல அகலமாக. கிட்டத்தட்ட இருபதாவது கம்பத்தடியில் அது நெருங்கி, பிறகு நின்றிருந்தது. ஓரத்து மதிலில் ஒருவர் நெடுநேரம் சாய்ந்து உட்கார்ந்த பள்ளம். இரண்டு கையையும் ஊன்றிய தடம். அந்தப் பள்ளத்துக்கு முன்னால் நின்றபோது என் நெஞ்சுக்குள்ளும் யாரோ ஏறி உட்கார்ந்தார்கள். வாய்வு இல்லை என்று மட்டும் தெரிந்தது.

பிறகு, பள்ளத்துக்கு அப்பாலும் அடி போவதைக் கண்டேன்.

நிமிர்ந்து பார்த்தேன். வளைவுப் பக்கத்திலிருந்து அவர் வந்துகொண்டிருந்தார். மெதுவான ஓட்டம். வாயை மூடிய கம்பளி கழுத்தில் இறங்கிக் கிடந்தது. வாயிலிருந்து வெண்புகை விட்டு விட்டு, ஒழுங்கில்லாமல் வந்தது. மூச்சு மட்டும் விடுகிறவருக்குப் புகை சீராக வரும். இரண்டு குளிர்காலம் பார்த்தவள் நான். அவர் பேசிக்கொண்டு ஓடி வந்தார். பக்கத்தில் யாரும் இல்லை. நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

கிட்ட வந்ததும் பேச்சை நிறுத்தினார். கண் இரண்டும் சிவந்து வீங்கியிருந்தன. தாடி இல்லாத கன்னத்தில் கண்ணீர் உறைந்து கோடாகக் கிடந்தது. என் கையில் இருந்த போத்தலைப் பார்த்தார். கோட்டில்லாமல் நிற்கும் என்னைப் பார்த்தார். என்னைக் கடந்து ஓடினார். நானும் திரும்பிப் பின்னால் ஓடினேன்.

இரண்டு கம்பம் போனதும் வேகத்தைக் குறைத்தார். நான் பக்கத்தில் வந்துவிட்டேன்.

"மூச்சு வாங்குதோ உமக்கு?"

"இல்லை."

"அப்ப கதையும். தந்தி வந்த நாளிலை இருந்து சொல்லும். ஒண்டும் விடாமல்."

சொன்னேன். அரிசி வாளியிலிருந்து தொடங்கினேன். ஒரு கம்பத்துக்கு ஒரு நாளாகச் சொல்லிக்கொண்டு ஓடினேன். எட்டாம் நாள் என்ன சமைத்தேன், திரிக் கிண்ணத்தை எங்கே ஒளித்தேன், குளியலறையில் எவ்வளவு நேரம் நின்றேன், எல்லாம். அவர் ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டு வந்தார். எங்கள் வீட்டு வாசல் வந்தபோது பதினெட்டாம் நாளில் நின்றேன். உள்ளே அவருடைய அம்மாவுக்கான சோறு ஆறிக்கொண்டிருந்தது.

அவர் வாசலில் நிற்கவில்லை. தன் கோட்டைக் கழற்றி என் தோளில் போட்டுவிட்டு, தெருவுக்கே திரும்பினார்.

"இன்னும் பதின்மூண்டு கிடக்கு," என்றார்.

இப்போது நாங்கள் சிட்னியில் இருக்கிறோம். இங்கே பனி இல்லை, கம்பங்களும் இல்லை. ஆனாலும் ஒரு நாள் போனது என்று சொல்லும்போது, என் கால்களுக்குத் தெரிவது இரண்டு சிவப்புக் கம்பங்களுக்கு இடையிலுள்ள தூரம்தான். சில நாட்களில் மாடிப்படி ஏறும்போது எனக்கு மூச்சு முட்டுகிறது. போன கிழமை அதை அவரிடம் சொன்னேன். அன்றைக்கே சொன்னேன்.